கருவாட்டுத் தண்ணீர் குடித்த புல்

வாசலில் அழகுக்கு வளர்த்த, மாடு தின்னாத புல்லுக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று இன்னாசியம்மாளுக்குச் சிரிப்பாக இருக்கும். கட்டுமாவடிக் கடற்கரையில் பிறந்தவள். கணவன் மரியசெல்வத்துக்குக் கண்டக்டர் வேலை கிடைத்ததால் புதுக்கோட்டைக்கு வந்தாள். மீன் வாடை என்று இரண்டு வீடுகளில் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அடுத்து ரெங்கசாமி ஐயா தன் வீட்டுப் பின்கட்டை வாடகைக்கு விட்டபோது, மீனைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவர்களும் வாய் திறக்கவில்லை.

1959 சித்திரையில் ஐயா மகள் வீட்டுக்குப் புறப்பட்டார்.

"வாசல் புல்லுக்கும் குரோட்டன்ஸ் தொட்டிக்கும் சாயங்காலம் தண்ணி விடுங்கம்மா. புல்லு காஞ்சா எனக்குச் சோறு எறங்காது."

அவர் தலை மறைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கருவாட்டுச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். கிணற்றிலோ தண்ணீர் அடியில் கிடந்தது. ஊரில் கருவாடு அலசிய தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றுவார்கள், மரம் காய்த்துத் தள்ளும். தென்னைக்கு ஆவது புல்லுக்கு ஆகாதா? மற்ற இடத்துக்குக் கிணற்றுத் தண்ணீரை இறைத்துவிட்டு, அன்றாடம் ஒரு மூலையில் மட்டும் இதை ஊற்றிவந்தாள். மகராசி, உப்பை மறந்துவிட்டாள். அந்த மூலை வைக்கோலாய்க் கருகிப் போனது.

இனி எந்தத் தெருவில் போய் வீடு கேட்பது? உப்பு கீழே இறங்கட்டும் என்று தெருக்குழாயிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றினாள். இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம். மூலை பழுப்பாகவே கிடக்க, ஐயா வந்து இறங்கிவிட்டார்.

அவர் பார்வை நேரே அந்த மூலைக்குத்தான் போனது. இன்னாசியம்மாளுக்குப் பொய் வரவில்லை.

"நாந்தாங்க கருக்கிட்டேன். கருவாடு கழுவுன தண்ணிய ஊத்திட்டேன். நாங்க மீன் திங்கிறவங்க, ஒங்ககிட்ட சொல்லாம இருந்துட்டோம்."

ஐயா குத்தவைத்து, பழுப்பை விரலால் விலக்கினார். அடியில் பொடிப்பொடியாகப் பச்சை துளிர்த்திருந்தது.

"வேர் சாகலம்மா. நான் இல்லாத கோடையில மொத்தமும் காஞ்சுதான் கெடக்கும். இந்தத் தடவ ஒரு மூலையோட போச்சு."

"அப்ப வீடு?"

"வீட்டுக்கு என்ன? பின்னாடி தென்னை ஒண்ணு காய்க்காம நிக்கிது. இனிமே கருவாட்டுத் தண்ணிய அங்கிட்டு ஊத்துங்க."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அன்று மத்தியானமே கருவாட்டுக் குழம்பு கொதித்தது. கதவை அவள் சாத்தவில்லை.