சித்தப்பா படித்துக் காட்டிய நான்கு வரிகள்

பிரான்சில் இருக்கும் சித்தப்பா கப்பலில் போட்டு அனுப்பிய மின்சார ஓவன் சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதுவரை கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கேக் மாவைத் தட்டுகளில் ஊற்றி, துணியால் மூடி, பேக்கரிக்குக் கொண்டுபோய் வரிசையில் நிற்பதுதான் வழக்கம். இனி வீட்டிலேயே சுடலாம்.

நான் எலக்ட்ரிகல் படித்தவள். சேதராப்பட்டில் ஸ்விட்ச் போர்டு செய்யும் தொழிற்சாலையில் அப்போது இரண்டாவது வருடம். ஓவனின் முதுகுத் தகட்டில் 3500 வாட் என்றிருந்தது. பதினைந்து ஆம்பியர் இழுக்கும். சமையலறை லைன் பழையது, ஒன்றரை எம்எம் கம்பி. ஃபிரிட்ஜும் அதில்தான். அப்பாவிடம் எழுதிக் கொடுத்தேன்: மெயின் போர்டிலிருந்து தனி லைன். நான்கு எம்எம் செம்புக் கம்பி. இருபது ஆம்பியர் பிரேக்கர். எர்த் கட்டாயம்.

அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். பழைய ப்ளக்கிலேயே மாட்டிப் பார்த்தார்கள். சில நிமிடங்களில் பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றது.

"பத்து ஆம்பியர் இருக்கு சார், அதான். முப்பத்திரெண்டு போட்டுட்டா விழவே விழாது."

"விழணும்ணே," என்றேன். "கம்பி எரியறதுக்கு முன்னாடி விழறதுக்குத்தான் அது இருக்கு. பெருசா போட்டா பிரேக்கர் விழாம நிக்கும், சுவத்துக்குள்ள கம்பி எரியும்."

"கம்பெனி வேல வேற, வீட்டு வேல வேற பாப்பா."

அப்பா சிரித்தார். "அது எல்லாத்துக்கும் பயப்படும். நீ போடுப்பா."

போட்டார். பிரேக்கர் விழவில்லை. இரண்டாவது கேக் வேகும்போது அம்மா ப்ளக் பக்கத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். சுட்டது. கருகல் வாசனையும் வந்தது. நான் அணைத்தேன். அப்பா மறுபடி போட்டார்.

"கேக்கு வாசன அது. உனக்கு மூக்கும் எலக்ட்ரிகல் ஆயிடுச்சு."

அந்தச் சுவரை ஒட்டித்தான் அம்மா நாள் முழுக்க நிற்பாள். அன்று மாலை ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய்ச் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

"நான் பட்டாளத்துல சமையக்கட்டுல இருந்தவன்மா. கரண்டு பத்தி எனக்கு என்னா தெரியும்?"

"தெரிய வேணாம் சித்தப்பா. நான் சொல்றத எழுதிக்கிட்டு அப்பாகிட்ட படிச்சிடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மறுநாள் காலை அவர் அழைத்தபோது அப்பா நின்றுகொண்டே பேசினார். "வுய், வுய்" என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுத் தலையாட்டியபடி எழுதிக்கொண்டார். தனி லைன், நான்கு எம்எம், இருபது, எர்த். நான் எழுதிய அதே வரிசை. எலக்ட்ரீஷியன் அப்படியே போட ஆரம்பித்தார். பழைய ப்ளக்கைக் கழற்றியபோது கம்பியின் உறை உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதை என்னிடம் நீட்டினார்.

"பாத்தியா? அங்க இருக்கறவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

அம்மா தலை நிமிராமல் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியும். அவள் நிற்கும் இடம் பத்திரமாகிவிட்டது, எனக்கு வேண்டியது அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை.

கோடையில் எதிர் வீட்டுக்காரர் ஏசிக்கு லைன் இழுக்க யோசனை கேட்டு வந்தார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அப்பா சித்தப்பாவின் நம்பரை எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துச் சித்தப்பா என் கைப்பேசிக்கு அழைத்தார்.

"இவருக்கு என்னம்மா சொல்லட்டும்?"

எத்தனை டன் என்று கேட்டேன்.