பின்சீட்டிலிருந்து பார்த்த ஏலகிரி

சனிக்கிழமை விடியும் நேரத்தில் வேலூர்க் கோட்டை அகழியோரம் பதினெட்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. மார்கழி முடிகிற வாரம். தண்ணீரின் மேல் பனி ஒரு முழ உயரத்துக்குப் படுத்துக் கிடந்ததால் சுவரின் அடி தெரியவில்லை. மேல்பாதி மட்டும் எதன்மேலும் ஊன்றாமல் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொருவராக வண்டியைக் கிளப்பியபோது அகழிக்குள்ளிருந்து நீர்க்காகங்கள் எழுந்து, வட்டமடித்து, மறுபடியும் பனிக்குள்ளேயே இறங்கின.

எங்கள் ரேலியில் பந்தயம் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு சனியும் ஞாயிறும், சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்ப வேண்டும். இந்த முறை ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரி. வழியை முடிவு செய்வதும் முன்வண்டியை ஓட்டுவதும் பாஸ்கர். நாட்றம்பள்ளியில் பிறந்தவர், இப்போது குடியிருப்பது பாகாயத்தில். அவர் மனைவி ஸ்டெல்லா ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். எங்களில் யாரைவிடவும் நன்றாக ஓட்டுவார். ஆனால் அவருடைய வண்டி அந்த வாரம் மெக்கானிக்கிடம் இருந்ததால் கணவரின் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சென்னையில் ஓர் அச்சகத்தில் பக்கங்களை வடிவமைக்கிறவள். முந்தின நாள் மாலையே வந்து அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன்.

வேலூரிலிருந்து ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர். பள்ளிகொண்டா தாண்டியதும் இருபுறமும் மலைகள் நெருங்கி வந்தன, விலகின, மறுபடி நெருங்கின. வெயில் இன்னும் வரவில்லை. எதிரே வந்த ஷூ கம்பெனிப் பேருந்துகளில் பெண்கள் சன்னலில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டு போனார்கள். மாதனூருக்கு அப்பால் அந்த வாசனை தொடங்கியது. தோலும் சுண்ணாம்பும் ஏதோ மருந்தும் கலந்த, தொண்டையில் போய் உட்காருகிற வாசனை. முதல் ஐந்து நிமிடம் மூக்கைச் சுளிப்போம். பிறகு அதை மறந்துவிடுவோம். ஊர் அதற்குள் வந்துவிடும்.

ஆம்பூர் மேம்பாலத்துக்குக் கீழே இர்ஃபான் தன் பழைய புல்லட்டோடு காத்திருந்தார். முப்பத்தாறு வயது. ஆறு வருடங்களாக எங்களோடு வருகிறவர். தோல் பதனிடும் ஒரு சிறிய தொழிற்சாலையில் வண்ணம் பார்க்கும் வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் சாம்பிள் துண்டின் நிறமும் இங்கே சாயமேறிய தோலின் நிறமும் ஒன்றுதானா என்று சொல்ல வேண்டியவர் அவர். என் தொழிலும் நிறத்தோடு சம்பந்தப்பட்டது என்பதால் எங்களுக்குள் எப்போதும் அந்தப் பேச்சுதான்.

மற்றவர்கள் இட்லியும் பாயாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு ரூபாய்க்கு ஆளுக்கொரு டீயைக் குடித்துவிட்டு, இர்ஃபான் என்னைப் பக்கத்துத் தெருவிலிருந்த தன் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார். நெடுநாளாக நான் கேட்டுக்கொண்டிருந்த விஷயம் அது.

உலர்த்தும் கூடத்தில் தோல்கள் கம்பிகளில் வரிசை வரிசையாகத் தொங்கின. செங்கல் நிறம், ஈச்சம்பழ நிறம், பெயர் வைக்க முடியாத ஒரு பச்சை. மேலே ஓடிய சங்கிலி மிக மெதுவாக நகர, அவை எல்லாம் ஒன்றாகத் திரும்பின. அந்த வரிசைக்குள் நடந்தபோது ஏதோ ஒரு பெரிய புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவில் போவதுபோல இருந்தது. இர்ஃபான் பேசிக்கொண்டே முன்னால் போனார். இடதுபக்கம் நின்றிருந்த தள்ளுவண்டியில் நேராகப் போய் இடித்துக்கொண்டார். அது சின்ன வண்டியல்ல, அவர் இடுப்பளவு உயரம்.

முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பாஸ்கர் அண்ணனுக்குத் தெரியாது."

"சொல்லுங்க."

"கண்ணுல கோளாறு. நேரா பார்த்தா எல்லாம் சுத்தமா தெரியுது. ஷேட்ல நூல் அளவு வித்தியாசம் இருந்தாலும் சொல்லிடுவேன். ஓரத்துலதான் ஒண்ணும் இல்ல. இருட்டுனா சுத்தமா அவுட். வர வர ஜாஸ்தி ஆவுது. போன மாசம் டாக்டர் இனிமே வண்டியத் தொடாதன்னுட்டாரு."

"அப்புறம் எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?"

"கடைசியா ஒரு தடவ ஓட்டிப் பார்த்துர்றேன்க்கா. திங்கக்கிழம என் தோஸ்த் ஒருத்தன் வண்டிய வாங்கிக்கிறான்." குரலைத் தாழ்த்தினார். "நஸ்ரீன்கிட்ட பொய் சொல்லிட்டேன். ஸ்டெல்லா அக்கா வண்டி வொர்க்ஷாப்ல இருக்குது, அவங்கதான் புல்லட்ட ஓட்டுவாங்க, நான் யார் பின்னாடியாச்சும் உக்காந்துப்பேன்னு."

நஸ்ரீன் அவர் மனைவி. நான் பார்த்ததில்லை.

மறுக்கத்தான் வேண்டும். மறுத்தேன். அவர் வாதாடவில்லை. தொங்கிக்கொண்டிருந்த ஒரு தோலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொன்னேரி வரைக்கும் மட்டும்க்கா. மலை ஏற மாட்டேன். நீங்க மஞ்சள் ஜாக்கெட் போட்டிருக்கீங்க, ஸ்பீடும் கம்மி. நீங்க முன்னாடி போனா அந்த மஞ்சளையே பார்த்துட்டு வந்துர்றேன்."

பொன்னேரி, ஏலகிரி மலைப்பாதை தொடங்கும் அடிவாரம். ஆம்பூரிலிருந்து ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே போனதும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், பாஸ்கரிடம் அவரே சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டு, சரி என்றேன். அந்த நிறங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அந்த மனிதரிடம் இல்லை என்று இரண்டாவது முறை சொல்ல வரவில்லை.

கூட்டத்தின் கடைசியில் நாங்கள் இருவரும் போனோம். என் பக்கக் கண்ணாடியில் அவருடைய முகப்பு விளக்கு ஒரு சிறிய மஞ்சள் பொட்டு. அது பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. நாற்பதுக்கு மேல் நான் முடுக்கவில்லை. ஓரிடத்தில் பாலாறு கண்ணில் பட்டது. மழைக்காலம் முடிந்த மிச்சமாக, அகன்ற மணலின் நடுவே வேட்டிக் கரைபோல ஒரு கோடு தண்ணீர். அதன்மேல் அப்போதுதான் வெயில் இறங்கியிருந்தது. கை காட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். அவர் தலை திரும்பவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் முதுகை.

வாணியம்பாடியைத் தாண்டித் திருப்பத்தூர்ச் சாலையில் திரும்பினோம். பொன்னேரிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். இடதுபுறம் புளியமரங்களுக்கு அடியிலிருந்து ஓர் அம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு சாலைக்கு ஏறினார். நான் கடந்துவிட்டேன். கண்ணாடியில் ஆடுகளும் தெரிந்தன, இர்ஃபானும் தெரிந்தார். அவர் வேகம் குறையவில்லை. நான் பிரேக்கை அழுத்தி, கையைத் தூக்கி, கத்தினேன். புல்லட் சறுக்கிக்கொண்டு சாய்ந்தது. ஆடுகள் நாலாபக்கமும் தெறித்தன. அந்த அம்மா பின்னால் துள்ளிச் சாலையோரப் பள்ளத்தில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தார்.

வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். இர்ஃபானுக்கு உள்ளங்கையில் மட்டும் சிராய்ப்பு. என்னை விலக்கிவிட்டு அந்த அம்மாவிடம் போனார். அவருடைய முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது? இம்மாம் பெரிய ரோட்டுல ஆளு வர்றது தெரியல?" என்றார் அவர்.

இர்ஃபான் அவர் முன்னால் மண்ணில் முட்டி போட்டார். "தெரியலம்மா," என்றார். "நெஜமாவே தெரியல. ஓரத்துல வந்தா எனக்குத் தெரியாது. ஓட்டிருக்கக் கூடாது."

அந்த அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பாவி, அப்ப பின்னாடி குந்திக்கினு போறதுக்கு இன்னா?" என்றார்.

இர்ஃபான் எழுந்து, கீழே கிடந்த வண்டியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "போதும்க்கா," என்றார்.

எங்களைக் காணாமல் பாஸ்கரும் ஸ்டெல்லாவும் திரும்பி வந்தார்கள். ஸ்டெல்லா அந்த அம்மாவின் கையைக் கழுவிக் கட்டுப்போட்டு, இடுப்பை அசைக்கச் சொல்லிப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். இர்ஃபான் எல்லாவற்றையும் சொன்னார். பாஸ்கர் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் கூட்டிட்டு வந்திருக்கீங்க. அந்தம்மா லாரி வர்ற பக்கமா விழுந்திருந்தா?"

அவர் கேட்டது சரி.

ஸ்டெல்லாதான் என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு புல்லட்டை நிமிர்த்தினார். ஹேண்டில் லேசாகக் கோணியிருந்தது, வேறு சேதமில்லை. இர்ஃபான் என் வண்டியருகே வந்து தயங்கினார்.

"இன்னா?" என்றார் ஸ்டெல்லா.

"லேடீஸ் பின்னாடி உக்காந்து போறத ஊர்க்காரங்க யாராச்சும் பார்த்தா..."

"பார்த்தா கை காட்டு. ஏறு."

ஏறினார்.

பொன்னேரியிலிருந்து மேலே பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். நான்காவதில் என் முதுகுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. உடம்பை முழுக்கத் திருப்பி அவர் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா போங்கக்கா."

"இதவிட மெதுவா போனா வண்டி நின்னுடும்."

"நின்னா நிக்கட்டும்."

நிறுத்தினேன். கீழே, நாங்கள் கடந்து வந்த சாலை ஒரு சாம்பல் இழையாகக் கிடந்தது. ஜோலார்ப்பேட்டைப் பக்கம் ஒரு ரயில் போனது. சத்தம் மேலே வரவில்லை. வெயில் ஏறியும் மலைமடிப்புகளில் பனி விலகாமல் பாலாடைபோல நின்றது. அவர் தலையைத் திருப்பித் திருப்பி, துண்டு துண்டாக எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா ரோட்டத் தவிர எதையும் பாக்கல," என்றார். "ஆறு தடவ இந்த மலை ஏறியிருக்கேன். கடைசி ரெண்டு தடவ டார் ரோடும் வெள்ளக் கோடும்தான் ஞாபகம் இருக்குது. பயத்துல அங்க இங்க திரும்பவே மாட்டேன். இப்பதான் தலையத் திருப்புறேன்."

அதன் பிறகு மேலே போகும்வரை அவர்தான் சொல்லிக்கொண்டு வந்தார், நான் ஓட்டினேன். மூங்கில் புதருக்குள் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த குரங்கு. பாறை இடுக்கில் வழிந்து காய்ந்த நீர்த்தடம். "அந்தப் பச்சையப் பாருங்கக்கா, கம்பெனில மூணு வாட்டி ட்ரயல் போட்டும் வரல. இதுல நீலம் கம்மி." ஒரு வளைவில் மேகமே சாலைக்கு இறங்கிவந்து எங்களை மூடிக்கொண்டது. முன்னால் போன வண்டிகளின் சத்தம் எங்கோ தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோல இருந்தது. என் மஞ்சள் ஜாக்கெட்டின் கையே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. அந்த வெண்மைக்குள் இருவருக்கும் ஒரே அளவு கண்தான்.

மாலை புங்கனூர் ஏரிக்கரையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஏரி முதலில் செம்பாகி, பிறகு ஈயமாகி, பிறகு அணைந்தது. விடுதிக்கு நடக்க எழுந்தபோது இர்ஃபான் மட்டும் எழவில்லை. இருட்டிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போவதற்குள் பாஸ்கர் போயிருந்தார். காலையிலிருந்து அவரிடம் பேசாதவர், முழங்கையை மட்டும் நீட்டினார். இர்ஃபான் பிடித்துக்கொண்டார்.

"படி இருக்கு," என்றார் பாஸ்கர் கொஞ்சம் தள்ளி. "மூணு."

"சரிண்ணா."

அவர்கள் போன வேகத்துக்கே நாங்கள் எல்லோரும் பின்னால் நடந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை, பலாமரங்களிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருக்கும்போதே மலை இறங்கினோம். வாணியம்பாடிச் சாலையில் அந்தப் புளியமரங்களுக்கு அடியில் இர்ஃபான் நிறுத்தச் சொன்னார். ஆடுகளும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. பக்கத்துக் குடிசையில் விசாரித்து, மலையில் வாங்கிய தேன் பாட்டிலை அவருக்குக் கொடுக்கச் சொல்லி வைத்துவிட்டு வந்தார்.

ஆம்பூரில் ஆளுக்கு நூற்றெண்பது ரூபாய்க்கு பிரியாணி. கத்திரிக்காய் தொக்கு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சாப்பிட்ட பின் மற்றவர்கள் வேலூர் நோக்கிப் புறப்பட, பாஸ்கரும் ஸ்டெல்லாவும் நானும் இர்ஃபானை வீட்டில் விடப் போனோம். மசூதித் தெருவுக்குப் பின்னால் பச்சை வண்ணக் கதவுள்ள வீடு. வாசலுக்கு வந்த நஸ்ரீன், புல்லட்டில் ஸ்டெல்லாவையும் என் பின்னால் இர்ஃபானையும் பார்த்ததும் முகம் தெளிந்தார்.

"சொன்ன மாதிரியே பின்னாடி உக்காந்துதான் போனீங்களா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும்.

"வரும்போதுதான்," என்றார் இர்ஃபான். "போவும்போது நான் ஓட்டினேன். ஒரு அம்மா மேல மோத இருந்தேன், நஸ்ரீன்."

அவருடைய கட்டுப்போட்ட உள்ளங்கையைப் பார்த்துவிட்டு நஸ்ரீன் உள்ளே போனார். பாத்திரம் ஒன்று வேகமாக வைக்கப்படும் சத்தம் கேட்டது. இர்ஃபான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான்கு தம்ளர் சர்பத்தோடு வந்தார் நஸ்ரீன். எல்லோருக்கும் கொடுத்தார். கணவருக்குக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஸ்டெல்லாவிடம் கையை நீட்டினார்.

"சாவி."

கொடுத்தார் ஸ்டெல்லா.

"இத ஓட்டக் கத்துக்க எவ்ளோ நாள் ஆவும்?"

ஸ்டெல்லா திகைத்துப் போனார். "ஸ்கூட்டி ஓட்டுவீங்களா?"

"கம்பெனிக்கு தெனமும் அதுலதான் போறேன்."

"அப்ப ஒரு மாசம் போதும். ஞாயித்துக்கிழமைல நான் வர்றேன்."

நஸ்ரீன் சாவியைத் துப்பட்டாவின் முனையில் முடிந்துகொண்டு, அப்போதுதான் கணவரை நிமிர்ந்து பார்த்தார். "தோஸ்துக்கு போன் போட்டு வண்டி விக்கலன்னு சொல்லுங்க. பேஜாரு புடிச்ச ஆளு."

இர்ஃபான் போனை எடுக்க உள்ளே போனார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. சிரிப்பா, அழுகையா என்று வாசலில் நின்ற எங்களுக்குத் தெரியவில்லை.

பாகாயம் திரும்பும் வளைவில் பாஸ்கரும் ஸ்டெல்லாவும் பிரிந்த பிறகு நான் தனியாகச் சென்னைக்கு வந்தேன். என் ஊர் வேதாரண்யம். அங்கே மலை இல்லை. உப்பளமும் வானமும்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை போய்க்கொண்டே இருக்கும், தடுக்க எதுவும் கிடையாது. பார்வை என்பது அப்படித் தானாகக் கிடைக்கிற ஒன்று என்றுதான் இத்தனை நாள் இருந்திருக்கிறேன். அன்றைக்கு மாலை வாலாஜா தாண்டியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். இடதுபுறம் நெல்வயலில் கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. டீ ஆறும்வரை அவற்றைப் பார்த்தேன். பிறகு கழுத்தைத் திருப்பி, வலதுபுறத்தையும் பார்த்தேன்.