கழற்றிய மூன்று தகடுகள்

போன கிழமை கல்முனையில் தேநீர்க் கடை வாசலில் நின்றபோது ஒரு லொறி சடாரென்று பிரேக் பிடித்தது. எனக்கும் அதற்கும் நடுவில் அகலமான தெரு. ஆனாலும் டயர் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியதும் என் வலது கால் தானாகவே தரையை அழுத்தி மிதித்தது. தேநீர் சட்டையில் கொட்டியது. கடைக்காரர் சிரித்தார். நான் பயந்தாங்கொள்ளிதான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

இளவயதில் சாய்ந்தமருதில் வள்ள எஞ்சின் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்தேன். அங்கே என் கூட்டாளி நஸீர். சம்மாந்துறையில் பெரிய வயற்காரப் போடியார் ஒருவரின் நெல் களஞ்சியத்துக்குள் கோழிகள் முட்டையிட்டுக் கிடந்த பழைய காரை அவன் சொற்ப விலைக்கு வாங்கி வந்தான். கூரையை வெட்டி, வேன் எஞ்சின் பூட்டி, வெளிநாட்டுச் சஞ்சிகையில் பார்த்த காரைப்போல மூக்கைத் தாழ்த்தி, தன் கல்யாணத்துக்கு அதில்தான் போவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறவர். அந்தப் பயணத்தைப் பார்க்கத் தெருவே வேலியோரம் வந்து நிற்கும்.

முன் சில்லுகளை எதில் தொங்கவிடுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. உடைந்த வேன் ஒன்றின் முன்பகுதியை அப்படியே வெட்டி ஒட்டலாம், அதில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியே துள்ளும் என்றான் நஸீர். அதற்குச் செலவு கூடுதல். காரோடு வந்த பழைய அச்சும் தகட்டு ஸ்பிரிங்குமே போதும் என்றேன் நான்.

"மூக்கு எப்படிறா பதியும்?"

"ஏழு தகட்டில மூண்டக் கழட்டினா தன்பாட்டில பதியும். என்ன நம்பு மச்சான்."

நம்பினான். நாங்கள் வள்ளத்து ஆட்கள். எங்களுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: பாரம் ஏற்றிப் பார்ப்பது. கடற்கரை மணலைச் சாக்குகளில் நிரப்பி, முன்பக்கம் அடுக்கி, விடியச் சுபஹிலிருந்து அந்தி மஃரிப் வரை விட்டுவைத்தோம். தகடு கழற்றிப் பதிந்த மூக்கு அதற்குமேல் விரலளவும் இறங்கவில்லை. நான் மார்தட்டிக்கொண்டேன். வள்ளத்துக்குப் பிரேக் கிடையாது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

கல்யாணத்தன்று காலையில் ஒலுவில் கடற்கரைப் பக்கம் தனியாக ஓட்டிப் பார்த்தேன். வெறும் வீதியில் சற்று வேகமாகப் போய் பிரேக்கை அழுத்தினேன். மெலிந்த தகடுகள் முறுகின, அச்சுத் திரும்பியது, ஸ்டியரிங் என் கையை உதறிக்கொண்டு ஒருபக்கம் பாய்ந்தது. கார் மணலில் ஏறி நின்றது. இரண்டாம் முறையும் அதேதான். பயத்தில் ஓதும் கலிமாகூட நாக்கில் வரவில்லை. கை பிரேக் நாங்கள் இன்னும் பூட்டவேயில்லை.

திரும்பி வந்தபோது நஸீர் புதுச் சட்டையோடு நின்றான். "எப்படி மச்சான் ஓடுது?"

"நல்லா ஓடுது."

சொல்லியிருக்கலாம். பழைய அச்சு என் பிடிவாதம் என்ற வெட்கம் தடுத்தது. பிரேக்கைத் தொடாமல் மெல்ல உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டோம். நான் ஓட்ட, நஸீர் என் பக்கத்தில். முன்னால் பொல்லடிக்காரர்கள். மாப்பிள்ளைக்கு முதுகு காட்டக்கூடாதாம், எங்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து கம்படித்தார்கள். நான் வலது காலைப் பிரேக்கிலிருந்து விலக்கியே வைத்திருந்தேன். பாலம் தாண்டி இறக்கம் வந்ததும் கார் தானாக வேகம் கூட்டியது. நடுவில் ஆடிய நஸீரின் மாமா கால் இடறி, என் சில்லுக்கு நேரே மல்லாக்க விழுந்தார்.

மிதித்தேன்.

ஸ்டியரிங் பிடுங்கிக்கொண்டது. கார் அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி இடப்பக்கம் பாய்ந்து, ஒரு வீட்டுத் தகர வேலியைச் சாய்த்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் முட்டி நின்றது. அந்த வேலியோரம் நின்ற பெண்கள் ஒரு நிமிடம் முன்னர்தான் ஊர்வலத்தின் பின்னால் நகர்ந்திருந்தார்கள். சனம் சிரித்தது. மாமாவும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பிச் சிரித்தார். நஸீர் மட்டும் சிரிக்கவில்லை.

"காலையில ஓட்டிப் பாத்தாயே. உனக்குத் தெரியுமாடா இது?"

"வல்லாஹி, தெரியா மச்சான்."

அல்லாஹ்வின் பேரால் ஆணையிட்டுப் பொய் சொன்னேன். அவன் என்னைத் திரும்பிப் பாராமல் இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே போனான். பழைய இரும்புக்கு விலைபோன அந்தக் காரைப் பற்றி நாங்கள் அதற்குப்பின் கதைத்ததில்லை. கராஜ் இருந்த இடத்தில் இப்போது போன் கடை. பெருநாளுக்குப் பெருநாள் நஸீர் என் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், வாய்விட்டுச் சிரிப்பான். ஆனால் நான் ஓட்டும் எந்த வண்டியிலும் அதன்பின் அவன் ஏறியதில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சாட்டு இருக்கும்.

போன மாரியில் அவன் மகளுக்குப் பிரசவ வலி. கொட்டும் மழை. விசயம் தெரிந்து என் வேனை அவன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மகளைத் தாங்கிப் பிடித்தபடி அவன் என்னைப் பார்த்தான், பிறகு வேனைப் பார்த்தான்.

"வேணா மச்சான். ஆட்டோக்குச் சொல்லியிரிக்கி. இப்ப வந்திரும்."

கதவைத் திறந்து பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆட்டோ வந்துவிட்டது.