திரையில் தெரிந்த அச்சே வீடு

அந்தக் கட்டில் விரிப்பை நான் மூன்று தரம் இஸ்திரி போட்டேன். எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிட்சர்லாந்தின் துன் ஏரிக்கரையில் இருந்த சிறிய ஹோட்டல் ஒன்றின் சலவை அறையில் எனக்கு வேலை. வசந்தகாலப் பிற்பகல் ஒன்றில் முதலாளி வந்து, சாப்பாட்டு மண்டபச் சுவரில் ஸ்லைட் படம் காட்டுவதற்கு வெள்ளை விரிப்பு வேண்டும், ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாது என்றார். சுருக்கம் விழ விடுகிற ஆளா நான்? சுவரில் மாட்டியதும் நானே. மாட்டிய பிறகு போகும்படி யாரும் சொல்லாததால் ஓரமாக நின்றுகொண்டேன். அப்படித்தான் அச்சே அண்ணையின் கிராமத்தை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன்.

காதால் கேட்டுக் கேட்டு அது எனக்கு ஏற்கனவே பழகிய ஊர்தான். அச்சே அண்ணை சுமாத்ரா தீவின் வடமுனையில் உள்ள அச்சேயிலிருந்து கப்பல் சமையல்காரராகப் புறப்பட்டு, எங்கள் ஹோட்டல் சமையலறையில் வந்து நிலைத்தவர். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மனம் வராமல் நான் வைத்த பெயர் அது. அவரும் ‘ஓம்’ என்று திரும்பப் பழகிவிட்டார். எங்களுக்குப் பொதுவான மொழி அரைகுறை ஜெர்மன்தான். ஆனாலும் அவர் சொன்னதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். “எங்கட ஊருக்கு வந்த ஆள் ஒருத்தரும் பசியோட திரும்பிப் போனதில்லை” என்பார். நானும் என் ஊரை விட்டுக்கொடுக்க மாட்டேன். மீன், நெல், கோயில், பள்ளிவாசல் என்று எதிலும் சமரசத்துக்கு வந்துவிடுவோம். தேங்காய் விஷயத்தில் மட்டும் கடைசிவரை இருவரும் இறங்கி வரவில்லை.

அவர் ஊருக்குப் போய் நான்கு வருடமாகியிருந்தது. ஆனால் ஹோட்டல் மூடியிருந்த அந்தக் குளிர்காலத்தில் முதலாளி போய்விட்டு வந்தார். அச்சே அண்ணையின் வீட்டிலேயே ஒரு வாரம் தங்கி, மூன்று வேளையும் சாப்பிட்டு, நிறம் கறுத்து, படங்களோடும் ஒரு திட்டத்தோடும் திரும்பினார். அந்த வீட்டையும் பின்னால் கடல்வரை போகும் தென்னங்காணியையும் வாங்கி, சுவிஸ்காரர் வந்து தங்கச் சின்னச் சின்ன விடுதிகள் கட்டுவதுதான் திட்டம். கூட்டுச் சேர விருப்பமுள்ள நண்பர்கள் ஐந்தாறு பேரைத்தான் படம் பார்க்க அழைத்திருந்தார்.

திரைச்சீலைகளை இழுத்து மூடியதும் என் விரிப்பில் பச்சை வயல் விரிந்தது. பிறகு வாய்க்கால், எருமைகள், வழிப்போக்கரும் படுத்துறங்கலாம் என்று அச்சே அண்ணை சொல்லியிருந்த ஊர்ப் பொதுமண்டபம். கடைசியாக, உயரமான மரத்தூண்களின் மேல் நின்ற அந்த வீடு. ஏணிப்படியின் உச்சியில் ஒரு பெண், கையில் தட்டோடு, படம் எடுப்பவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற முகத்தோடு நின்றாள். சமையலறை வாசலில் நின்ற அச்சே அண்ணை ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்தார்.

விளக்குப் போட்டதும் முதலாளி அவரை முன்னே அழைத்துத் தட்டச்சு செய்த ஒரு காகிதத்தை நீட்டினார். விற்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அச்சே அண்ணை கையைக்கூட நீட்டவில்லை.

“இது என்ரை வீடு இல்லை.”

“உன் வீடு என்றுதானே சொன்னாய்?”

“நான் இருக்கிற வீடு. மனிசியின்ரை வீடு. எங்கட ஊரிலை வீடு பொம்பிளைப் பிள்ளையளுக்குத்தான். கலியாணம் கட்டி நான்தான் அங்கை போனனான்.”

நண்பர்கள் சிரித்தார்கள். பெண்டாட்டிக்குப் பயந்தவன் பகிடி விடுகிறான் என்று நினைத்திருப்பார்கள். அவருடைய முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருடமாக விருந்தினர் முன்னால் வாய் திறக்காதவள் நான். “இது பகிடி இல்லை” என்றேன் என் உடைந்த ஜெர்மனில். “எங்கட ஊரிலும் அப்படித்தான். நான் சீதனமாகக் கொண்டுவந்த வீட்டின் உறுதிப் பத்திரம் என் பெயரில்தான் இருக்கு. நீங்கள் ஒரு கிழமை அந்த வீட்டுக்குச் சொந்தக்காரியின் கையால் சாப்பிட்டுவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இவரிடம் வந்து கேட்கிறீர்கள்.” சொன்னது சொன்னதுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமை.

சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான், நாங்கள் அம்மா என்று கூப்பிடும் முதலாளியின் மனைவி. அந்த ஹோட்டல் அவருடைய தகப்பன் கட்டியது. ஆனால் அந்த நாட்களில் இந்த நாட்டுச் சட்டப்படி மனைவியின் சொத்தையும் கணவர்தான் நிர்வகிப்பார். எல்லாக் காகிதத்திலும் முதலாளியின் கையெழுத்தே இருக்கும். “அப்படியானால் அந்தப் பெண்ணுக்குத்தான் எழுத வேண்டும். நான் எழுதுகிறேன்” என்று சொல்லி அம்மா எழுந்தார்.

முதலாளி கோபத்தை வாயால் காட்டவில்லை. அச்சே அண்ணையின் பெவில்லிகுங், அதாவது இங்கே இருந்து வேலை செய்வதற்கான அனுமதி, ஒவ்வொரு வருடமும் ஹோட்டல் முத்திரையும் ஹோட்டல்காரர் ஒப்பமும் விழுந்த படிவம் போனால்தான் நீளும்; ஒப்பமிடுபவர் எப்போதும் முதலாளிதான். அந்த வருடம் படிவம் அவருடைய மேசையிலேயே கிடந்தது. வாரங்கள் போயின. தவணை முடிய ஐந்து நாள்தான் இருந்தது. “அந்தக் காகிதத்திலை ஒரு கையெழுத்துத்தானே அண்ணை, வைச்சிருக்கலாமோ?” என்று நானே ஒருநாள் மனம் தளர்ந்து கேட்டுவிட்டேன். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் சொன்னார்: “வைச்சிட்டு, பிறகு எந்த முகத்தோட அந்தப் படியிலை ஏறுவன்?” கேட்டதற்காக வெட்கப்பட்டேன்.

இப்போது துன் நகரத்துப் பயண முகவர் கடைக் கண்ணாடிகளில் அச்சே அண்ணையின் ஊர் போன்ற கடற்கரைகளின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஓய்வூதியக்காரியான நான் நின்று பார்ப்பேன். படத்தில் தென்னை இருக்கும், கடல் இருக்கும். ஆட்களை மட்டும் காணக் கிடைக்காது.

அந்த ஐந்து நாளில் நான்காவது நாள், அச்சே அண்ணையின் மனைவியிடமிருந்து பதில் கடிதம் வந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு சலவை அறைக்கே வந்துவிட்டார். அச்சே அண்ணை நின்றபடி வாசித்து ஒவ்வொரு வரியாக ஜெர்மனில் சொன்னார். கடிதம் முதலாளிக்கல்ல, அம்மாவுக்கே எழுதப்பட்டிருந்தது. நிலம் விற்பனைக்கில்லை, அது என் மகளுக்கு. உங்கள் நண்பர்கள் விருந்தாளிகளாக வரட்டும், வீடு திறந்திருக்கும். கடைசி வரிகளை மெதுவாகச் சொன்னார். “உங்கள் கணவர் என் வீட்டில் விருந்தாளியாக இருந்தார். அவரை நான் நல்லபடியாக வைத்திருந்து அனுப்பினேன். என் கணவர் உங்கள் வீட்டில் இருக்கிறார்.” அவ்வளவுதான் கடிதம்.

அம்மா வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் அந்தப் படிவம் இருந்தது. என் இஸ்திரி மேசையில் அதை விரித்து, ஹோட்டலின் முத்திரையைக் குத்தி, அதன் கீழே தன் பெயரை முழுதாக எழுதினார். மை காயும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“முதலாளி எங்கை?” என்று அச்சே அண்ணை பயந்து பயந்து கேட்டார்.

“படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார்” என்றார் அம்மா. “சாப்பிட வரும்போது சொல்லிவிடுகிறேன்.”