புளித்துப்போன மூன்று தொட்டி பீர்

"மேஸ்திரிங்க, பீர் புளிச்சுப்போச்சுங்க. மூணு தொட்டியும் போச்சு. வெல்டிங்லதான் கோளாறுன்னு பீர் காய்ச்சற ரேச்சல் சொல்லுதுங்க."

மைசூரிலிருந்து நந்தகுமார் ஃபோனில் இப்படிச் சொன்னபோது, கருமத்தம்பட்டியில் என் பட்டறையில் ஒரு கல்யாண மண்டபத்துப் பாயச அண்டாவுக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். என் வெல்டிங்கைக் குறை சொன்ன ஃபோன் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை.

"என்ன கண்ணு சொன்ன? என் வெல்டிங்கா?"

"நான் சொல்லலீங்க. அந்தப் புள்ள சொல்லுது. ஒருக்கா வந்து பாத்துப்போட்டுப் போங்க."

"வாரேன். அதுவரைக்கும் தொட்டில ஒருத்தரும் கை வெக்க வேண்டாம்."

நான் யார் என்பது

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். அதனால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சாயப்பட்டறைத் தொட்டிகளுக்கு ஒட்டுப் போடும் கூலியாளாக வந்து, ஆர்கான் வெல்டிங் பழகி, சொந்தப் பட்டறை போட்டேன். சத்தியமங்கலத்திலிருந்து ஆனைமலை வரை எந்தப் பால் சொசைட்டிக்குள் போனாலும் குளிரூட்டும் தொட்டியைத் தடவிப் பாருங்கள். ஒட்டு எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாவிட்டால் அது நான் செய்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நந்தகுமார் ஆனைமலைக்காரன். தென்னந்தோப்புக் குடும்பம். வெளியூரில் படித்துவிட்டு, சொந்தமாக பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக்கொடுக்கும் கடை போடப்போகிறேன் என்று வந்து நின்றான். நம் பக்கம் அதற்கு லைசன்ஸ் வாங்க வழியில்லை என்பதால் மைசூரில் இடம் பிடித்திருந்தான். பீர்த் தொட்டிகளை எல்லோரும் வெளிநாட்டிலிருந்தோ பெரிய கம்பெனிகளிலிருந்தோ வாங்கும்போது, அவன் என் பட்டறைக்கு வந்தான். நாலு தொட்டி, ஒவ்வொன்றும் ஆயிரம் லிட்டர், அடிப்பக்கம் கூம்பு, சுற்றிலும் குளிர்நீர் ஓட ஜாக்கெட். அதுவரை நான் பீர்த் தொட்டி செய்ததில்லை. அதை அவனிடம் சொல்லவும் இல்லை. பால் தொட்டி செய்கிறவனுக்கு இது என்ன பெரிய வேலை? இரண்டுக்கும் சுத்தம்தான் உயிர்.

கடை திறப்பு விழாவுக்கு பெங்களூரிலிருந்து இரண்டு பீர்க்கடை முதலாளிகள் என் தொட்டிகளைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்திருந்தால் என் பட்டறை வேறு உயரத்துக்குப் போகும். பிடிக்காவிட்டால், பாயச அண்டாவோடு நிற்க வேண்டியதுதான். அந்தச் சமயத்தில்தான் இந்த ஃபோன்.

பட்டறைக்கு வந்த பெரியவர்

நந்தகுமாரின் அப்பா ஆறுச்சாமி அண்ணனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மகன் பீர் காய்ச்சப் போகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார். சொந்தபந்தம் என்ன சொல்லும் என்ற சங்கடம். தொட்டி வேலை முடியும் தறுவாயில் ஒரு நாள் அவரே பட்டறைக்கு வந்தார். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதென்னுங்க மேஸ்திரி, கோயில் கும்பமாட்டப் பளபளன்னு இருக்குது."

"உள்ளயும் அப்பிடித்தானுங்ண்ணா. பாருங்க." ஆள் இறங்கும் மேன்ஹோல் மூடியின் காதைத் திருகித் திறந்து காட்டினேன். ஒரு விரலில் திறக்கலாம், அவ்வளவு இலகுவாகச் செய்திருந்தேன்.

எட்டிப் பார்த்தார். "பையன் இதுக்கோசரம் தோப்புல ஒரு பக்கத்த வித்துப்போட்டான் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"என்னையக் கேக்காம விக்கல. கேட்டான். நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். ஆனாப் பேசறதில்ல."

அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கே ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

மூன்று தொட்டிகள் முதல் நடையில் லாரி ஏறி, திம்பம் மலைப்பாதை வழியாக மைசூர் போயின. நாலாவதற்கு லாரியில் இடமில்லை. அடுத்த நடையில் அனுப்பினேன்.

நாலு கிளாஸ்

ஃபோன் வந்த மறுநாளே மைசூர் போனேன். வாசலில் நந்தகுமார், முகத்தில் களையே இல்லை. உள்ளே ரேச்சல். கோலார் தங்கவயலில் பிறந்து, பீர் காய்ச்சுவதற்கென்றே வெளிநாட்டில் போய்ப் படித்து வந்த பெண். கையில் ரப்பர் உறை, காலில் கம் பூட்ஸ். மூலையில் ஒரு நாற்காலியில் ஆறுச்சாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். அப்பாவும் மகனும் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள் என்பது அதிலேயே தெரிந்தது.

"அங்கிள், கோச்சிக்காதீங்க. முதல்ல குடிச்சுப் பாருங்க, அப்புறம் சண்டை போடுங்க" என்றாள் ரேச்சல்.

நான் குடிகாரன் இல்லை. ஆனால் தொட்டிக்குள் போவது என்ன ருசி என்று தெரியாமல் நான் தொட்டி செய்வதில்லை. பாலும் அப்படித்தான், சாயத்தை மட்டும் ருசி பார்த்ததில்லை.

முதல் கிளாஸ் கோதுமை பீர். மணம் பூவன் பழத்தை உரித்த மாதிரி இருந்தது. வாயில் வைத்ததும் பழம் ஓடிவிட்டது. முந்தின நாள் மோர் மாதிரி பல் கூசியது. மேலே நிற்க வேண்டிய நுரையும் இல்லை, குளத்துத் தண்ணீர் போலப் படுத்துக் கிடந்தது.

இரண்டாவது சிவப்பு பீர். நாட்டுச்சர்க்கரை போட்டது. பாகு காயும் அடுப்படியில் நின்றால் ஒரு மணம் வருமே, அது மூக்கில் நின்றது. நாக்கில் புளித்தண்ணீர். இரண்டும் ஒட்டவில்லை, சண்டைக்கு நிற்கும் பங்காளிகள் மாதிரி.

மூன்றாவது கம்பு பீர். இதுவும் புளிப்புதான். ஆனால் இதை இன்னொரு வாய் குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். கரைத்த கம்பங்கூழில் மோர் விட்டு, வெயில் நேரத்தில் குடித்த மாதிரி தொண்டையில் இறங்கியது. அதை அப்போது வெளியே சொல்லவில்லை. வந்த காரியம் வேறு.

நாலாவது, கடைசியாக வந்த தொட்டியில் காய்ச்சிய கறுப்பு பீர். சிக்கரி தூக்கலாகப் போட்ட காப்பியைப் பால் விடாமல் ஆற்றிக் குடித்த மாதிரி. அடியில் கருப்பட்டியின் ஒரு தித்திப்பு. நுரை விரலால் கோடு போட்டால் அப்படியே நின்றது. ஒரு குறையும் இல்லை.

"இது நல்லா இருக்குதே அம்மணி."

"அதுதான் அங்கிள். நாலுக்கும் ஈஸ்ட் ஒண்ணுதான், தண்ணி ஒண்ணுதான், கழுவினது நானே. முதல் மூணுல மட்டும் கெட்ட கிருமி பூந்திருக்கு. வெல்டுல ஊசி முனை அளவு குழி இருந்தாலே போதும், அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது."

அவள் சொன்னது நியாயம்தான். பால் தொட்டியிலும் அதே கதைதான். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

சிவப்பு மை

வெல்டில் குழி இருக்கிறதா என்று பார்க்க டி.பி. டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒட்டின் மேல் சிவப்பு மையை அடித்து, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி அடிப்பார்கள். குழி இருந்தால் அதற்குள் போன மை வெள்ளையில் சிவப்புப் புள்ளியாகக் கசியும்.

கோதுமை பீர் தேறாது என்று ரேச்சல் அந்தத் தொட்டியைத் திறந்துவிட்டாள். ஆயிரம் லிட்டர் சாக்கடைக்குப் போவதை ஆறுச்சாமி அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பிகளே, பீர்த் தொட்டிக்குள் காலியானவுடன் இறங்காதீர்கள். உள்ளே நிற்கும் கேஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆளை எடுத்துவிடும். ப்ளோயர் வைத்துக் காற்றை மாற்றி, மீட்டர் காட்டிப் பார்த்து, வெளியே ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்கினேன். நான் செய்த மேன்ஹோலில் என் வயிறே சிக்கியது.

"அங்கிள், ஓட்டையைப் பெருசா வெச்சிருக்கலாம்" என்றாள் ரேச்சல்.

"ஓட்டை சரியாத்தான் இருக்குது. நான்தான் பெருத்துப்போட்டேன்."

மை அடித்தேன், துடைத்தேன், பொடி அடித்தேன். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு புள்ளி இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாகவே நின்றது. ரேச்சல் தலையை உள்ளே விட்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்.

"வெல்டு இல்ல" என்றாள். மறைக்காமல் சொன்னாள், அது எனக்குப் பிடித்தது. "அப்ப முதல் மூணு தொட்டிக்குள்ள நாலாவதுக்குள்ள போகாத ஏதோ ஒண்ணு போயிருக்கு. முந்தின நாள் சாயங்காலம் நானே கிருமி மருந்து சுத்திவிட்டு மூடினேன். காலைல வந்து பீரை ஏத்தினேன். நடுவுல யாரும் தொடலையே?"

"யாரு தொடுவாங்க? நான் ரூமுக்குப் போயிட்டேன்" என்றான் நந்தகுமார்.

ஆறுச்சாமி அண்ணன் எழுந்து வெளியே போனார்.

குழாயடியில்

நான் மை பட்ட கையைக் கழுவ வெளியே வந்தேன். குழாயடியில் அவர் நின்றிருந்தார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்ண்ணா."

"பாலு ஊத்துனா இது கெட்டுப்போகுமுங்களா?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவரே சொல்லட்டும் என்று இருந்தேன்.

"நம்ம மாட்டுப் பாலுங்க. முந்தின நாளு கறந்து தூக்குல ஊத்தி ஊர்லருந்து கொண்டாந்தேன். புது ஊட்டுக்குப் பாலு காச்சறமில்ல? இத்தன நாளு பேசாம இருந்துபோட்டு, பையன் தொழில் ஆரம்பிக்கறப்ப வெறுங்கையோட நிக்கறதானு மனசு கேக்கல. வெடியறதுக்குள்ள வந்து, வாட்ச்மேன எழுப்பித் தொறந்து, அந்தப் புள்ள வந்தா வேண்டாம்னு சொல்லும்னு, தொட்டிக்கு ஒரு சொம்பு ஊத்திச் சாமி கும்புட்டுப்போட்டேன். மூடி தொறக்கறதத்தான் நீங்க காட்டிக் குடுத்தீங்களே."

ஆனைமலையிலிருந்து மைசூர் வரை காய்ச்சாத பால், வெயிலில், தூக்கில். ஊற்றும்போதே அது பாதி தயிராகியிருக்கும். உறை விட்டதற்குச் சமம். ஆயிரம் லிட்டருக்கு ஒரு சொம்பு தாராளம். நாலாவது தொட்டி அன்றைக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை, அதனால் தப்பியது.

"பையனுக்குத் தெரிஞ்சா என்னைய என்ன நெனப்பானுங்க? நெம்ப ஆசையா பேச ஆரம்பிச்சானே. பொக்குன்னு போச்சுங்க மேஸ்திரி."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வெல்டு சுத்தம் என்று மை காட்டிவிட்டது. ஆனால் காரணம் தெரியாத வரை, புளித்த பீருக்குப் பக்கத்தில் என் தொட்டிதான் நிற்கும். பெங்களூர் முதலாளிகள் காதில் அதுதான் விழும். உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் என் பேர் தப்பிக்கும். இவர் முகம் என்னாகும்?

"நான் சொல்ல மாட்டேனுங்ண்ணா. நீங்க சொன்னா நல்லா இருக்கும்" என்றேன். அவ்வளவுதான். கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

குழாயைத் திருகி முகத்தைக் கழுவிக்கொண்டார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனார். மகன் எதிரே நின்று, எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னார். ரேச்சல் தலையில் கை வைத்துக்கொண்டாள். நந்தகுமார் கத்தப்போகிறான் என்று நினைத்தேன்.

"ஏனுங்ப்பா," என்றான், "பூசை போட்டீங்களா? நீங்களா?"

"ஆமாங்க கண்ணு."

"எம்பட கடைக்கா?"

அவன் அழுதான். மூவாயிரம் லிட்டர் போன ஆள் மாதிரி அல்ல.

திறப்பு நாள்

கோதுமையும் சிவப்பும் மறுபடி காய்ச்சினார்கள். கம்பு பீரைத் திறந்துவிடப் போனபோதுதான் நான் வாயைத் திறந்தேன். "அம்மணி, அத ஊத்தாதீங்க. அது நல்லா இருக்குது." ரேச்சல் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். ஒரு கிளாஸ் பிடித்து மெதுவாகக் குடித்தாள். அப்புறம் சிரித்தாள். வேண்டுமென்றே இப்படிப் புளிக்கவைக்கும் ஊர்களும் உண்டாம். லேபுக்கு அனுப்பி, கெடுதல் இல்லை என்று வந்தபிறகு அதை வைத்துக்கொண்டாள்.

விழா நாளில் கோதுமை பீரில் பூவன் பழம் முழுசாக இருந்தது. சிவப்பில் பாகு மணமும் நாக்கும் சமாதானமாகிவிட்டன. கறுப்பு முன்னைப் போலவே. ஆனால் முதலில் தீர்ந்தது கம்பு. பெங்களூர் முதலாளிகளில் ஒருவர் ரேச்சலைப் பிடித்துக்கொண்டு, என்ன ஈஸ்ட் போட்டீர்கள் என்று விடாமல் கேட்டார்.

"ஈஸ்ட் எங்களுது சார். மத்தது ஆனைமலைலருந்து வந்தது" என்றாள். பீர் தொடாமல் இளநீரோடு உட்கார்ந்திருந்த ஆறுச்சாமி அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த முதலாளிகள் இருவருக்கும் தொட்டி செய்துகொடுத்தேன். அதற்குப் பிறகும் நிறைய. இந்த வேலையில் நான் கற்றது இதுதான்: தொட்டி வாங்குகிறவனை மட்டும் நினைத்துத் தொட்டி செய்யக் கூடாது. அவனுக்காக விடியற்காலையில் சொம்போடு வரப்போகிறவரையும் நினைத்துச் செய்ய வேண்டும். இப்போது என் மேன்ஹோல் மூடிக்குப் பூட்டு உண்டு. தொட்டியின் முன்பக்கத்துக் காலில், கண் உயரத்துக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு கிண்ணமும் உண்டு. பஃபிங் மெருகு போட்டுக் கண்ணாடி மாதிரி இருக்கும். இந்தியாவில் வேறு எவனும் இதைச் செய்வதில்லை, பந்தயம் கட்டுகிறேன்.

போன மாதம் டிராயிங் பார்த்த ஒரு எஞ்சினியர் தம்பி கேட்டார், "சார், இந்தக் கிண்ணம் எதுக்கு? இதுல எந்தப் பைப்பும் சேரலையே?"

"உங்க அப்பா இருக்காருங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கார் சார். ஏன்?"

"தொட்டி எறக்கற அன்னிக்கு அவரக் கூட்டிட்டு வாங்க. எதுக்குன்னு அவருக்குத் தெரியும்."