இடது தோளில் ஒரு புள்ளி

உலகத்துக்கே புது பனியன் தைத்து அனுப்பும் திருப்பூரில் பிறந்து, ஏற்றுமதியில் கழித்துப்போட்ட ரிஜெக்ட் பீஸ்களையே போட்டு வளர்ந்தவள் நான். கல்யாணத்துக்கு முன் ஒரு கம்பெனியில், தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் வேலை பார்த்தேன். ரிஜெக்ட் பீஸில் ஒரு நிம்மதி உண்டு. குறை எங்கே என்று தெரிந்துவிடும். காலரில் சின்ன ஓட்டை, அவ்வளவுதான். மற்றபடி வெளிநாட்டுக்காரர்கள் போடுகிற அதே துணி. குறை தெரியாத புதுப் பொருளைக் கண்டால்தான் எனக்குப் பயம். அது எப்போது காலை வாருமோ, யார் கண்டது?

அதனால் படம் எடுக்கும் தொழிலுக்கு வந்தபோதும் பழைய கேமராவே போதும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். "ஒண்ணாச்சும் புதுசா வாங்கேன் புள்ள" என்றார் கணவர். நான் கேட்டால்தானே? உடுமலைப்பேட்டையில் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் தன் கேமராவையும் லென்ஸையும் விற்கிறார் என்று தெரிந்து போனோம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத் திரையில் நீளமாக ஒரு கீறல். அப்பாடா என்றிருந்தது. "இது ஒண்ணுதானுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்றார். அவர் பொய் சொன்னதாக இன்றும் நான் நினைக்கவில்லை.

காதுகுத்து, சீர் என்று ஊர் விசேஷங்களையெல்லாம் அதில்தான் எடுத்தேன். பிறகு என் தம்பி சொந்தமாக ஒரு சின்ன யூனிட் போட்டான். பெண்களுக்கான வெள்ளை டீ-ஷர்ட்டுகள். முதல் வெளிநாட்டு ஆர்டர் வருகிற மாதிரி இருந்தது. சாம்பிள்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே இடத்தில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு எடுத்துக்கொடுத்தேன். துணி வாங்கவிருந்த வெளிநாட்டு பையரிடமிருந்து பதில் வந்தது: எல்லாவற்றிலும் இடது தோளில் கறை இருக்கிறதே, ஏன்?

தம்பி ஆடிப்போய்விட்டான். கறை என்றால் எங்கள் ஊரில் மெஷின் எண்ணெயைத் தவிர வேறு எதையும் யோசிக்கமாட்டோம். மெஷின்களை நிறுத்தித் துடைத்தார்கள். டீ-ஷர்ட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். எங்கேயும் கறை இல்லை. "ஏனுங்கக்கா, எனக்குத்தான் கண்ணு தெரியலீங்களா?" என்று கேட்டான்.

எனக்கு ஏதோ உறுத்தியது. வெறும் சுவரைப் படம் எடுத்தேன். அதிலும் அதே இடத்தில் அதே புள்ளி. சர்வீஸ் கடைக்காரர் லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, படம் பதிகிற சென்சாரிலேயே கீறல், முன்பு யாரோ அழுத்தித் துடைத்திருக்கிறார்கள் என்றார். விசேஷக் கூட்டத்தில் தெரியாதது வெள்ளைத் துணியில் தெரிந்திருக்கிறது.

வேறு கேமராவில் எடுத்து அனுப்பி, நடந்ததையும் சொல்லி, ஆர்டரை வாங்கிவிட்டான் தம்பி. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. செக்கிங்கில் ஒரு குறை கண்ணில் பட்டால் அங்கே அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி பீஸை ஒதுக்கிவிடுவோம். அதற்குமேல் தேடமாட்டோம். திரையில் கீறலைப் பார்த்ததுமே என் கண்ணும் நின்றுவிட்டது.

லென்ஸில் பிரச்சினை இல்லை. வெளிச்சத்தில் பிடித்தாலே அதன் வயிற்றில் இருப்பது தெரிந்துவிடும். அதைப் பழையதாக வாங்கலாம் என்றுதான் இப்போதும் சொல்வேன். அதை வைத்துக்கொண்டு கேமராவை மட்டும் புதிதாக வாங்கினேன். கடையில் பெட்டியைப் பிரித்ததும் விரல்கள் தானாகக் குறையைத் தேடின. ஒன்றும் அகப்படவில்லை. ஏனோ அழுகை முட்டியது.

வீட்டில் என்னை நிற்கவைத்துக் கணவர் முதல் படம் எடுத்தார். அப்படி ஒரு தெளிவு. என் டீ-ஷர்ட் காலரில் இருந்த ஓட்டையும், அதை நான் தைத்திருந்த நூலும்கூடத் தெரிந்தன. "அழகா இருக்கற, புள்ள" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்திருக்கிறார். என் கண் ஓட்டையோடு நின்றுவிட்டது.

மறுநாள் தம்பியின் யூனிட்டுக்குப் போய், போட்டுக்கொள்ள ஒரு டீ-ஷர்ட் வேண்டும் என்றேன். "ரிஜெக்ட் அங்க கெடக்குதுங்கக்கா, வேணுங்கறத எடுத்துக்குங்க" என்று வழக்கம்போல மூலையைக் காட்டினான்.

"அது வேண்டாங் கண்ணு" என்றேன். "பாஸானதுல ஒண்ணு குடு."