ஐந்தாவது ஹங்கேரியர்

ஹங்கேரியின் அரசியல் சிந்தனை வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்குவதற்காக, தொண்ணூறுகளில் கன்னட தேசத்துத் தலைநகரில், ஈஜிபுராவில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தேன். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்ட வீட்டுக்காரர், பதிலைக் கேட்டபின் வேறெதுவும் கேட்டதில்லை. என்னோடு வந்த கூட்டாளிகள் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் சேர்ந்து வேறு பக்கம் போய்விட்டார்கள். ஈஜிபுராவில் தமிழுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் படித்ததைத் தமிழில் பேச ஓர் ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது தாங்க முடியாததாக இருக்கும்.

ஒரு கருத்து எப்படிப் பிறந்து எப்படி மாறியது என்று தெரிய வேண்டுமானால், அதைச் சுமந்த ஆள் என்ன வேலை பார்த்தார், யாருக்குப் பயந்தார் என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படி ஐந்து பேரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன். நிலக்கிழார், பாதிரியார், வக்கீல், பத்திரிகைக்காரர் என்று நால்வர் எழுதித் தள்ளியவர்கள். ஐந்தாமவர் பள்ளிக்கூட வாத்தியார். சுதந்திரத்தைப் பற்றி அருமையாக எழுதிக்கொண்டிருந்தவர், ஐம்பத்தாறில் மக்கள் எழுச்சியை ரஷ்ய டாங்கிகள் நசுக்கிய பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. சாகும்வரை தேனீ வளர்த்தார். எனக்கு அவரைத்தான் ரொம்பப் பிடித்திருந்தது.

என் கைடு அம்மையாருக்கு அவரைப் பிடிக்கவில்லை. என்னிடம் எப்போதும் ஆங்கிலம், ஆபீஸ்காரர்களிடம் கன்னடம் பேசுகிறவர். எழுதாதவரின் சிந்தனைக்கு ஆதாரம் எங்கே, புது ஆட்சியை ஏற்றுக்கொண்டார் என்றுதானே அர்த்தம், அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்றார். கல்யாணப் பெண்ணுக்குச் சொல்கிற 'மௌனம் சம்மதம்' ஹங்கேரிக்காரர் தலையிலும் விடிந்தது. திருத்தித் திருத்திக் கொடுத்தும் மசியவில்லை. வாத்தியார் போனால் என் ஆராய்ச்சிக்கே உயிரில்லை.

ஒருநாள் என் பொறுமை போய்விட்டது. தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் நடந்த வாரம், தமிழ் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து பஸ்ஸிலும் கடையிலும் நான் வாயே திறக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதனால் நடந்ததற்கெல்லாம் நான் சம்மதித்தேன் என்று யாராவது எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தமிழில் பேசினார்.

"எங்கப்பா அந்த டிசம்பர்லதான் ரோட்ல தமிழ் பேசறத நிறுத்தினார். போற வரைக்கும் பேசல. மனசுல என்ன இருந்ததுன்னு நாங்க யாரும் கேட்டுக்கல. அந்த வாத்தியார் இருக்கட்டும்."

அவர் தமிழ்க்காரர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். என் சான்றிதழ்களைப் பார்த்த நாளிலிருந்து நான் தமிழ் என்று அவருக்குத் தெரியும். சொல்ல எவ்வளவோ இருந்தது. பழக்க தோஷம், "தேங்க் யூ, மேடம்" என்றுதான் வாயில் வந்தது.

மறுவாரம் போனபோது அவரும் ஆங்கிலத்துக்குத் திரும்பியிருந்தார். பட்டம் வாங்கும்வரை நாங்கள் தமிழில் பேசிக்கொள்ளவே இல்லை.